எக்ஸ்பிக்குக் கெடு வந்த கதை



கம்ப்யூட்டர் பற்றி எல்லாருக்கும் புரியற மாதிரி ஏதாவது எழுது என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். குன்னத்தூரில் பனியன் தொழில் செய்பவர்களின் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டும் எனக்கு, விண்டோஸ் எக்ஸ்பியின் கதைதான் உடனே நினைவுக்கு வந்தது.

பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாக நம் கல்லூரி லேபில் தெரிந்த அந்தத் திரையை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 அக்டோபர் 25-ல் வெளிவந்த எக்ஸ்பிக்கு, 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. ஆதரவு என்பது வேறொன்றுமில்லை. சிஸ்டத்தில் ஓட்டை தெரியவந்தால் கம்பெனி அதை அடைத்து அனுப்பும். அது நின்றுபோனாலும் கம்ப்யூட்டர் மறுநாள் வழக்கம்போல ஓடும். வம்பே அதுதான். ஓடுற வண்டியை யாருங்க மாத்துவாங்க?

தமிழக அரசு அப்போது ஒரு நல்ல காரியம் செய்தது. அரசுத் துறைகளில் எக்ஸ்பிக்குப் பதிலாக 'பாஸ்' லினக்ஸைப் போடச் சொன்னது. பாஸ், சென்னையில் சி-டாக் உருவாக்கிய இலவச சிஸ்டம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியிலும் விண்டோஸோடு அது இருந்தது. (பசங்க அதைத் திறந்து பார்த்தாங்களா என்பது தனிக்கதை.)

2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் உலகத்தையே கலக்கியது. மூன்று வருஷத்துக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஓர் அடைப்பு வெளியிட்டது. நியாயமாகச் சொன்னால், அதில் அதிகம் அடிபட்டது எக்ஸ்பி அல்ல. வந்த அடைப்பைப் போடாமல் விட்ட விண்டோஸ் 7.

இதற்கிடையில் நம் ஊர் ஏடிஎம்கள் பல எக்ஸ்பியிலேயே பணம் எண்ணிக்கொண்டிருந்தன. 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி எச்சரித்தும் வேலை நகரவில்லை. 2018 ஜூன் 21-ல் கண்டிப்பான சுற்றறிக்கை வந்தது: செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50, அடுத்த மார்ச்சுக்குள் 75, 2019 ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களும் ஆதரவுள்ள சிஸ்டத்துக்கு மாற வேண்டும். என்னைக் கேட்டால், 2014-லேயே அனுப்பியிருக்க வேண்டிய ஓலை அது.

வங்கிக்குக் கெடு வைக்க ரிசர்வ் வங்கி இருக்கிறது. நான்கு எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பவருக்கு யார் இருக்கிறார்கள்? "ஏனுங்க தம்பி, மெசின் நல்லாத்தானே ஓடுது?" என்று அவர் கேட்பதில் தப்பே இல்லை. டிசைன் போடும் சாஃப்ட்வேர் எக்ஸ்பியில்தான் ஓடும். அதன் பூட்டைச் செருகுவது பழைய பிரிண்டர் போர்ட்டில்; புதுக் கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே கிடையாது. மாற்றினால் சாஃப்ட்வேரும் புதிதாக வாங்க வேண்டும். கூலிக்குத் தைப்பவர் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்?

அதனால் மாற்றச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. முதல் வேலையாக நெட் வயரைக் கழற்றிவிடுவேன். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து பீரோவில் வைக்கச் சொல்வேன். பென் டிரைவை வேறு கம்ப்யூட்டரில் சோதித்த பிறகுதான் இதில் செருகணும். ஜிஎஸ்டி, பேங்க் வேலை எதுவும் இதில் கூடவே கூடாது.

2020 ஜனவரி 14-ல் விண்டோஸ் 7-க்கும், 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் இதே கதை வந்தது. பத்து வருஷத்துக் கம்ப்யூட்டர் நன்றாக உழைத்தாலும் விண்டோஸ் 11 அதை ஏற்பதில்லை. வேலை எனக்குக் கூடிக்கொண்டே போகிறது.

பிரிண்டர் போர்ட் உள்ள பழைய மதர்போர்டு யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், சந்திப்பு நாளன்று மறக்காமல் எடுத்து வாருங்கள். இங்கே நாலு பேர் காத்திருக்கிறார்கள்.