ஸ்விட்சைத் தேடிய இருபது நிமிடங்கள்

1973 நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆர்தர் ரோஸன்ஃபெல்ட் என்ற இயற்பியலாளர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். முந்தைய மாதம்தான் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியிருந்தன. மறுநாள் காலை பெட்ரோல் பங்கில் அரைமணி நேரம் வரிசையில் நிற்கவேண்டும். அந்த எரிச்சலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறார். ஓர் அறையின் விளக்குகள் சனி, ஞாயிறு முழுக்க எரிந்தால் சுமார் ஐந்து காலன் எண்ணெய்க்கு இணையான எரிபொருள் காலி. அவருடைய தளத்தில் இருபது அறைகள். எல்லாரும் போய்விட்டார்கள். எல்லா விளக்கும் எரிகிறது.

அணைக்கலாம் என்று போனால் ஸ்விட்சைக் காணோம். ஃபைல் பீரோவுக்குப் பின்னால் ஒன்று, புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒன்று, போஸ்டருக்கு அடியில் ஒன்று. கண்டுபிடித்து அணைக்க இருபது நிமிடம் ஆனது.

இந்தக் கதையை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த போஸ்டர்தான் நினைவில் நிற்கிறது. ஸ்விட்சை மறைத்து ஒட்டியவர் சோம்பேறி இல்லை. அதை யாரும் தொடப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். மின்சாரம் அவ்வளவு மலிவாக இருந்த காலம் அது.

ரோஸன்ஃபெல்ட் என்ரிகோ ஃபெர்மியின் மாணவர். நோபல் பரிசு பெற்ற லூயிஸ் அல்வாரெஸின் குழுவில் துகள் இயற்பியல் செய்துகொண்டிருந்தவர். 1974 கோடையில் பிரின்ஸ்டனில் ஆற்றல் சேமிப்பு பற்றி நடந்த ஆய்வுக் கூடலுக்குப் போனார். அதன்பிறகு துகள்களிடம் திரும்பி வரவேயில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் வேலையை மாற்றிக்கொண்டு கட்டடங்களுக்குள் நுழைந்தார்.

அப்போது கலிஃபோர்னியா அரசு புதிய கட்டடங்களுக்கான ஆற்றல் விதிகளை எழுதிக்கொண்டிருந்தது. வரைவில் ஒரு விதி: வீட்டு ஜன்னல்களின் பரப்பு சுவர்ப் பரப்பில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஜன்னல் என்றால் குளிரில் வெப்பம் வெளியே போகும், வெயிலில் உள்ளே வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விதிக்கு ஆதாரமாக இருந்த கணினி நிரலில் ஒரு பிழை. வீடு வெப்பத்தைச் சேமித்துவைக்கும் என்பதே அதற்குத் தெரியாது.

மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பகலில் வாங்கிய வெப்பத்தை கான்கிரீட் ராத்திரியில்தான் திருப்பித் தருகிறது. பெர்க்லி மாதிரியான குளிர் ஊரில் இதே குணம் வரம். தெற்கு ஜன்னல் வழியாக வரும் குளிர்கால வெயிலைத் தரையும் சுவரும் வாங்கிவைத்து இரவில் கொடுக்கும். வெப்பத்துக்கு நினைவு இல்லை என்று நம்பிய நிரல், நல்ல ஜன்னலையும் குற்றவாளி ஆக்கிவிட்டது. ரோஸன்ஃபெல்டின் குழு வீட்டை வடக்கு, தெற்கு என்று இரண்டு பாதியாகப் பிரித்துக் கணக்கிடும் ஒரு நிரலை எழுதிக் காட்டியது. வடக்கு பார்த்தவை தவிர மற்ற ஜன்னல்களுக்கான வரம்பு கைவிடப்பட்டது.

ஒரு மென்பொருள்காரனாக எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமான இடம் இதுதான். கோடில் இருந்த ஒரு தவறான அனுமானம் சட்டமாக மாறப் பார்த்தது. அதைத் தடுக்க, அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கத் தெரிந்த இன்னொருவர் தேவைப்பட்டார்.

அமெரிக்க அஞ்சல் துறை அறுபதுகளின் இறுதியிலேயே தன் கட்டடங்களுக்காக ஒரு நிரல் எழுதவைத்திருந்தது. அந்த வம்சத்தில் வந்ததுதான், ஆற்றல் துறையின் பணத்தில் பெர்க்லியில் வளர்ந்த டிஓஇ-2. ராணுவத்தின் பணத்தில் பிளாஸ்ட் என்று இன்னொன்று வளர்ந்தது. கிட்டத்தட்ட ஒரே வேலைக்கு அரசாங்கம் இரண்டு நிரல்களுக்குச் செலவழித்துக்கொண்டிருந்தது. 1996இல் இரண்டையும் சேர்த்துப் புதிதாக எழுத ஆரம்பித்தார்கள். 2001 ஏப்ரலில் எனர்ஜிபிளஸ் வெளிவந்தது. இலவசம். பிற்பாடு மூல நிரலையும் திறந்துவிட்டார்கள். ஃபோர்ட்ரானிலிருந்து சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மாற்றினார்கள். இன்று அது கிட்ஹப்பில் இருக்கிறது. சுவர் வெப்பத்தை எப்படிக் கணக்கிடுகிறது என்று சந்தேகம் வந்தால், அந்த வரியையே திறந்து படிக்கலாம்.

நிரல் மட்டும் போதாது, வானிலையும் வேண்டும். ஒரு வருஷத்தின் 8,760 மணி நேரத்துக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, சூரிய ஒளி. எந்த வருஷத்தை எடுப்பது? 1978இல் சாண்டியா ஆய்வகம் ஒரு வழி சொன்னது. பல வருஷப் பதிவுகளிலிருந்து மிக இயல்பான ஜனவரி ஒன்று, வேறொரு வருஷத்தின் இயல்பான பிப்ரவரி ஒன்று என்று பன்னிரண்டு மாதங்களைப் பொறுக்கி ஒட்டித் தைப்பது. யாருமே வாழ்ந்திராத ஒரு வருஷம் அது. உலகம் முழுக்கக் கட்டடங்கள் இன்றும் இந்த மாதிரி வருஷங்களில்தான் சோதிக்கப்படுகின்றன.

சென்னைக்கும் அப்படி ஒரு ஃபைல் இலவசமாகக் கிடைக்கிறது. நான் குடியிருப்பது மேல் மாடியில். ராத்திரி பதினொரு மணிக்கும் சீலிங் ஃபேன் சுடுகாற்றைத்தான் தள்ளும். ஹவுஸ் ஓனரிடம் சொன்னால், “டாப் ஃப்ளோர்னா அப்படித்தான் தம்பி இருக்கும்” என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டை அளந்து எனர்ஜிபிளஸ்ஸில் வரைந்து, சென்னை ஃபைலைக் கொடுத்து ஓடவிட்டேன். பிறகு கூரைக்கு மட்டும் வெள்ளை அடித்ததாக ஓர் எண்ணை மாற்றி மறுபடி ஓடவிட்டேன். இரண்டு கோடுகளும் மதியத்தில் பிரிந்து, நள்ளிரவு தாண்டியும் சேராமல் போயின. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஓனர் கேட்டார்: “இது யாரு போட்ட கணக்கு?”

நல்ல கேள்வி. ஐம்பது வருஷம் முன்னால் கலிஃபோர்னியாவில் கேட்கவேண்டியிருந்த அதே கேள்வி. பதில் சொல்ல முடிகிறது என்பதுதான் இந்த இலவசத்தின் அர்த்தம் என்று நினைக்கிறேன். 2007இல் வந்த நம் நாட்டின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதிகளும் இப்படிக் கணினியில் ஓட்டிக் காட்டும் வழியை ஏற்கின்றன. விதி ஒரு கணக்கின் மேல் நிற்கிறது என்றால், அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வசதி அதற்குக் கட்டுப்படுகிற எல்லாருக்கும் இருக்கவேண்டும்.

ஆனால் அந்த ஃபைலையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதில் இருப்பது கடந்தகாலத்தின் இயல்பான மாதங்கள். கத்திரி வெயிலின் மிக மோசமான நாட்கள் ‘இயல்பானவை அல்ல’ என்று பொறுக்கும்போதே கழிந்துபோயிருக்கலாம். நகரம் அதற்குப் பிறகு இன்னும் சூடாகியிருக்கிறது. ஜன்னல் நிரலுக்கு வெப்பத்தின் நினைவு இல்லாமல் இருந்தது. இந்த ஃபைலிடம் பழைய நினைவு மட்டும்தான் இருக்கிறது. இதையும் யாராவது உட்கார்ந்து திருத்தவேண்டும், திருத்தியதை எல்லாருக்கும் கொடுக்கவேண்டும்.

ரோஸன்ஃபெல்ட் 2017 ஜனவரியில், தொண்ணூறு வயதில் இறந்தார். வருஷத்துக்கு முந்நூறு கோடி யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கு ‘ஒரு ரோஸன்ஃபெல்ட்’ என்று சக ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நடுத்தர நிலக்கரி மின்நிலையத்தைக் கட்டாமலே இருப்பதற்குச் சமம்.

என் ஓனர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “வெள்ளை அடிக்க எவ்வளவு ஆகும்னு கேட்டுப் பாக்கறேன்” என்றார். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.