மைட்டோகாண்ட்ரியாவின் பிளவும் இணைவும்: நுண்ணுறுப்புத் தொடர்பு ஆய்வின் வரலாறு

பாடநூல் படங்களில் மைட்டோகாண்ட்ரியா அவரை விதைபோலத் தனித்து மிதக்கிறது. உயிருள்ள செல்லில் அது அப்படி இருப்பதில்லை. நீண்டும் குறுகியும், பிளந்தும் இணைந்தும் ஓயாமல் உருமாறுகிறது. 1898-இல் கார்ல் பெண்டா இட்ட பெயரே பொருத்தமானது: கிரேக்கத்தில் மைட்டோஸ் என்றால் நூல், காண்ட்ரோஸ் என்றால் மணி. தமிழில் வழங்கும் 'இழைமணி' இதன் நேர்ப்பெயர்ப்பு.

மார்கரெட் லூயிஸ், வாரன் லூயிஸ் தம்பதியர் கோழிக்கருச் செல்களை வளர்த்து, இவ்வுருமாற்றத்தை நேரில் கண்டு 1915-இல் விரிவாக எழுதினர். ஆனால் இழை எந்த இடத்தில் பிளக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது எது? விடை கிடைக்க ஏறத்தாழ நூறாண்டு ஆனது.

விடையின் நுனி 1956-இலேயே கண்ணில் பட்டிருந்தது. கல்லீரல் செல்களில் எண்டோபிளாச வலை மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டிக் கிடப்பதை பெர்ன்ஹார்டும் ரூயேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு பதிவு செய்தனர். அருகில் இருப்பதனாலேயே உறவு உண்டு என்று கூறிவிட முடியாது. 1990-இல் ஜீன் வான்ஸ், எலிக் கல்லீரலில் மைட்டோகாண்ட்ரியாவுடன் ஒட்டிவந்த சவ்வுப் பகுதியைப் பிரித்தெடுத்து, அங்கே பாஸ்போலிப்பிடுகள் உருவாவதைக் காட்டினார். தூய்மைக்குறைவு என்று எளிதில் ஒதுக்கியிருக்கக்கூடிய படிவு அது.

இதற்கிடையே, மைட்டோகாண்ட்ரியாவை வளையமாகச் சுற்றி இறுக்கிப் பிளக்கும் டிஆர்பி1 என்ற புரதம் அறியப்பட்டது. இங்கே ஒரு கணக்கு இடித்தது. ஈஸ்ட்டில் இவ்வகைப் புரதம் அமைக்கும் சுருளின் விட்டம் 100 நானோமீட்டரைச் சற்றே தாண்டும்; மைட்டோகாண்ட்ரியாவோ அதைப் போல் பல மடங்கு தடிமன். அப்படியானால் முதலில் அதை ஒடுக்குவது எது?

2011-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கியா வோல்ட்ஸ் குழுவினர் விடை கண்டனர். எண்டோபிளாச வலையின் குழல்கள் மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றிக்கொள்ளும் இடங்களிலேயே பிளவு நிகழ்ந்தது. டிஆர்பி1 அளவைக் குறைத்த செல்களிலும் அவ்விடங்களில் ஒடுக்கம் காணப்பட்டது. 2013-இல், வலையில் அமைந்த ஐஎன்எஃப்2 என்ற புரதம் ஆக்டின் இழைகளை வளரச்செய்து ஒடுக்கத்துக்கு உதவுவது தெரியவந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ இரட்டிப்பதும் இத்தொடர்பிடங்களோடு இணைந்தது என்பதை 2016-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பிளந்த பகுதிகளுக்கு டிஎன்ஏ பங்கிடப்படுவதை இது விளக்குகிறது.

இணைவின் கதை இவ்வளவு நேராகச் செல்லவில்லை. இணைவுக்கு வேண்டிய மைட்டோஃபியூசின்2 என்ற புரதமே வலையையும் மைட்டோகாண்ட்ரியாவையும் பிணைக்கிறது என்று 2008-இல் டி பிரிட்டோவும் ஸ்கொரானோவும் அறிவித்தனர். 2015-இல் வேறொரு குழு, அப்புரதம் குறைந்தால் தொடர்பு கூடவே செய்கிறது என்றது. வெறும் ஆய்வுக்கூடச் சச்சரவு அன்று இது: இப்புரதத்தின் மரபணு பிறழ்ந்தால் கைகால் நரம்புகள் நலியும் சார்கோ-மேரி-டூத் 2ஏ நோய் வருகிறது. அந்நோய்க்கு இணைவின் குறை காரணமா, தொடர்பின் குறை காரணமா என்பது இவ்விவாதத்தோடு பின்னியது. பிளவும் இணைவும் வலையின் ஒரே தொடர்பிடங்களில் கூடுவதை வோல்ட்ஸ் குழுவினர் 2020-இல் வெளியிட்டனர்.