அசோலா: பெயர் சொல்லாத பகை

குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, சாணம் கரைத்து ஊற்றி வளர்த்து, மாட்டுக்குத் தீவனமாகவும் நெல்வயலுக்கு உரமாகவும் போடும் மிதக்கும் சிறு பெரணியை நம் விவசாயிகள் அசோலா என்றே அழைக்கிறார்கள். 1783இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க் ஏட்டில் எழுதிய பெயர், எழுத்து மாறாமல் தொழுவம்வரை வந்துவிட்டது. அவர் கையில் இருந்தது தென் அமெரிக்காவின் தென்முனையில், மெகல்லன் நீரிணைப் பகுதியில் கொமெர்சோன் என்பவர் திரட்டிய செடி. உலர்தல், அழிதல் என்னும் பொருளுள்ள இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்ததே அசோலா என்று தாவரவியலார் விளக்குவார்கள். நீர் வற்றினால் செத்துப்போவது என்று கொள்ளலாம்.

செடியின் பலவீனத்தையே பெயராக வைத்தது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. சீனர்கள் இதன் அழகைப் பார்த்தார்கள்: குளிரிலும் கடும் வெயிலிலும் சிவந்துபோகும் இந்தப் பெரணி அவர்களுக்கு 'ஆறெல்லாம் சிவப்பு'. ஆங்கிலத்தில் இதற்குக் கொசுப் பெரணி என்றொரு பெயர் உண்டு. நீரை மூடிக் கொசுவை முட்டையிட விடாது என்ற நம்பிக்கை அதற்குக் காரணம்.

2004இல் இந்தப் பெயர் யாரும் எதிர்பாராத இடத்தில் எழுந்தது. வட துருவத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில், ஆர்க்டிக் கடலடியில், லொமொனோசொவ் மலைத்தொடர் இருக்கிறது. 1948இல் சோவியத் ஆய்வாளர்கள் கண்டறிந்து, 18ஆம் நூற்றாண்டு ரஷ்ய அறிஞரின் பெயரைச் சூட்டிய தொடர் அது. அங்கே விதார் வைக்கிங் என்ற கப்பல் துளையிட்டது. நகரும் பனிப்பாறைகள் அதை இழுத்துக்கொண்டு போகாதபடி, ஓடன், சோவெட்ஸ்கி சோயுஸ் என்ற இரண்டு பனியுடைப்புக் கப்பல்கள் முன்னே நின்று உடைத்துக்கொண்டே இருந்தன. கடலடிக்குக் கீழே 400 மீட்டருக்கும் மேல் துளை இறங்கியது. மேலே வந்த சேற்றுத்தூண்களில், ஏறக்குறைய 4.9 கோடி ஆண்டுக்கு முந்தைய பகுதியில், குறைந்தது 8 மீட்டர் கனத்துக்கு அசோலாவின் வித்துகள் அடுக்கடுக்காக இருந்தன. நன்னீர்க் குட்டைச் செடிக்கு நடுக்கடலில் என்ன வேலை?

ஆற்றில் அடித்து வரப்பட்டது என்று சொல்லித் தப்ப முடியவில்லை. முதிர்ந்த பெருவித்துகளும், நங்கூரம் போன்ற கொக்கிகள் கொண்ட நுண்வித்துப் பொதிகளும் ஒன்றோடொன்று பிடித்தபடியே கிடைத்தன. செடி அங்கேயே வளர்ந்து, அங்கேயே இனம் பெருக்கியிருக்கிறது. அன்றைய ஆர்க்டிக் கடல் மற்றக் கடல்களோடு ஏறக்குறையத் தொடர்பற்றுக் கிடந்தது. மழையும் ஆறுகளும் கொண்டுவந்த நன்னீர், உப்புநீரின்மேல் ஏடு கட்டியதுபோல் நின்றது. மேல்நீரின் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ். இந்த நிலை ஏறக்குறைய 8 லட்சம் ஆண்டு நீடித்தது.

இந்தச் செடி காற்றிலிருந்த கரியமில வாயுவை உறிஞ்சிக் கடலடியில் புதைத்து, பூமி குளிர்வதற்கு உதவியிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். பிறகு இதைச் சொன்ன பலர் அந்த 'லாம்' விகுதியை உதிர்த்துவிட்டு, ஒற்றைப் பெரணியே உலகைக் குளிர்வித்ததாகக் கதை கட்டினார்கள். அவ்வளவுக்கு இடமில்லை.

2009இல் அந்தப் புதைபடிவத்துக்குத் தனிப்பெயர் கிடைத்தது: அசோலா ஆர்க்டிகா. ஆர்க்டிக் என்பதன் வேர் கரடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். வடவானில் கிரேக்கர் கரடியாகக் கண்ட மீன்கூட்டத்தின் ஏழு மீன்களைத்தான் நம் சங்கப் புலவர்கள் எழுமீன் என்றார்கள். ஆக, 'கரடித் திசையில் வறண்டு சாவது' என்று பெயர். ஆனால் அங்கே வறட்சிக்கு வழியே இல்லை. செடி மறைந்த கட்டத்தில் மேல்நீரின் வெப்பம் 13 டிகிரிவரை ஏறியிருப்பதைப் படிவுகள் காட்டுகின்றன. பக்கத்துக் கடல்களின் வெதுவெதுப்பான நீர், உப்போடு உள்ளே வந்ததன் அடையாளம் அது. உலர்வதற்கு அஞ்சும் செடி என்று லமார்க்கின் பெயர் சொல்கிறது. ஆர்க்டிக்கில் அதற்கு வாய்த்த பகை உப்பு.

இன்னொரு பெயரும் பாக்கி. அதே காலத்து அசோலா வித்துகள் டென்மார்க்கிலும் கிடைத்திருந்தன. ஆர்க்டிக்கில் பொங்கி வழிந்த நன்னீரோடு மிதந்து தெற்கே போன ஒரே இனமா என்ற கேள்வி இருந்தது. வித்துகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் வேறு இனங்கள் என்று தெரிந்தது. டென்மார்க் செடிக்கு 2010இல், கிடைத்த ஜட்லாந்தை ஒட்டி, அசோலா ஜட்லாண்டிகா என்று பெயரிட்டார்கள். மிதந்து போன கதை அந்தப் பெயரோடு முடிந்தது.