தொழுவத்தின் மேலறையில் ஒளிந்திருந்த குடும்பம்

ஐரோப்பாவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் அல்பேனியாவும் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கிருந்த யூதர்கள் ஏறக்குறைய 200 பேர்தான். போர் முடிந்தபோது அந்த எண்ணிக்கை கூடியிருந்தது. ஹிட்லரின் படை புகுந்த நாடுகளில் இப்படி நடந்தது மிக அபூர்வம். அடைக்கலம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடும்பத்தினர்.

அவர்களுள் ஒருவர், தலைநகர் திரானாவில் ஒரு புகைப்பட நிலையத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞர் ரெஃபிக் வெசேலி. அதே கடையில் மோஷே மாண்டில் என்ற யூதரும் வேலை செய்தார். யூகோஸ்லாவியாவிலிருந்து மனைவி கேப்ரியேலா, மகன் காவ்ரா, மகள் இரேனா ஆகியோருடன் தப்பி வந்தவர் அவர்.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மானியப் படை அல்பேனியாவைக் கைப்பற்றியது. நகரில் இனி இருக்க முடியாது. மாண்டில் குடும்பத்தை மலைப்பகுதியான க்ரூயாவில் இருக்கும் தம் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று ரெஃபிக் பெற்றோரிடம் கேட்டார். வெசெல், ஃபாத்திமே தம்பதியர் சம்மதித்தனர். இரவில் கோவேறு கழுதைகளில் பயணம். பகலில் குகைகளில் பதுங்கல்.

பெரியவர்கள் இருவரும் தொழுவத்துக்கு மேலிருந்த சிறிய அறையில் ஒளிந்திருந்தனர். பிள்ளைகளோ வெசேலி வீட்டுப் பிள்ளைகளோடு கலந்துவிட்டார்கள். சிற்றூரில் புதுமுகம் தென்பட்டால் பொழுது சாய்வதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆகவே அக்கம்பக்கத்தாரும் வாய் திறக்காமல் இருந்தால்தான் இது நடக்கும். பிறகு ரெஃபிக்கின் சகோதரர் ஜெமால் இன்னொரு யூதக் குடும்பத்தையும் அழைத்து வந்தார். குண்டுவீச்சு, வீடு வீடாகச் சோதனை எல்லாம் நடந்தும் 1944 நவம்பரில் விடுதலை கிடைக்கும்வரை யாரும் பிடிபடவில்லை.

அல்பேனியர்கள் இதற்குச் சொல்லும் காரணம் ‘பெசா’. கொடுத்த வாக்கைக் காப்பது என்று பொருள். வாசலுக்கு வந்த விருந்தாளிக்குத் தீங்கு நேர்ந்தால் அது அந்தக் குடும்பத்துக்கே தீராத அவமானம்.

போருக்குப் பின் மாண்டில் குடும்பம் தங்கள் ஊரான நோவி சாத் திரும்பியது. ரெஃபிக்கும் அங்கே சென்று, அவர்கள் வீட்டிலேயே தங்கி, மோஷேயிடம் புகைப்படத் தொழிலைக் கற்றார். பின்னர் அவர்கள் இஸ்ரேலில் குடியேறினர். அல்பேனியாவோ கம்யூனிச ஆட்சியில் கதவடைத்துக்கொண்டது.

1987-இல் காவ்ரா, ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகத்துக்குக் கடிதம் எழுதி நடந்ததைத் தெரிவித்தார். யூதர்களைக் காத்த பிற இனத்தாருக்கு அந்நினைவகம் வழங்கும் உயரிய அங்கீகாரம் அவ்வாண்டே வெசெல், ஃபாத்திமே, ரெஃபிக் மூவருக்கும் கிடைத்தது. அல்பேனியர்களில் அதை முதலில் பெற்றவர்கள் இவர்களே. சகோதரர்கள் ஹமீத், ஜெமால் இருவரும் 2004-இல் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.