தண்ணி போட்ட கம்ப்யூட்டர்கள்

தலைப்பைப் பாத்துட்டு டாஸ்மாக் பதிவுன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது நெஜமாவே தண்ணீர் சமாச்சாரம் :-)

கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள குழாய் போட்டு, பம்ப் வச்சு, கலர் தண்ணியை ஓடவிட்டு, பக்கவாட்டுல ஜன்னல் வெட்டி, மேல ஓவியமும் வரைஞ்சு வச்சிருக்கற படங்களை நீங்க பாத்திருப்பீங்க. "காசு கொழுத்துப் போய் பண்ற வேலை"ன்னு நெனச்சும் இருப்பீங்க. கதை கிட்டத்தட்ட நேர்மாறு. கொறஞ்ச காசுல வேகமான பொட்டி வேணும்னு ஆசைப்பட்டவங்க கையால ஆரம்பிச்ச வேலை இது. அந்த அழகுல முக்கால்வாசி, சூட்டைத் தணிக்கப் போன இடத்துல வந்து சேர்ந்தது.

மொதல்ல கொஞ்சம் பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ். ஒரு கிராம் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேணும். காத்துக்கு சுமார் 1 ஜூல் போதும். எடைக்கு எடை பாத்தா நாலு மடங்குதான். ஆனா காத்து லேசு இல்லையா, அதனால லிட்டருக்கு லிட்டர் பாத்தா மூவாயிரம் மடங்குக்கு மேல வித்தியாசம். 100 வாட் சூட்டைக் கக்கற பிராசசர் மேல நிமிஷத்துக்கு நாலு லிட்டர் தண்ணி ஓடினா, தண்ணியோட சூடு அரை டிகிரி கூட ஏறாது. பைக் எஞ்சினுக்கு செதில் செதிலா உலோகம் போதும், கார் எஞ்சினுக்கு ரேடியேட்டர் வேணுங்கறதும் இதனாலதான். தண்ணி சூட்டை அழிக்கறதில்ல. சின்ன இடத்துல இருந்து தூக்கிட்டுப் போய் பெரிய இடத்துல இறக்கி வைக்குது. சுமை தூக்கற வேலை, அவ்ளோதான்.

இந்த வேலைக்குத் தண்ணியை மொதல்ல வச்சுக்கிட்டது பெரிய கம்பெனிகள். 1980-ல ஐபிஎம் அறிவிச்ச 3081 மெயின்ஃப்ரேம்ல, 9 சென்டிமீட்டர் சதுர செராமிக் பலகை மேல நூத்துக்கும் மேல சிப்புகள். ஒவ்வொரு சிப் தலையிலயும் ஸ்பிரிங் வச்ச குட்டி அலுமினிய பிஸ்டன். இடைவெளில ஹீலியம் வாயு. எல்லாத்துக்கும் மேல தண்ணி ஓடற தகடு. மூடி போட்டு பூட்டி, தனி ரூம்ல வச்சாச்சு. யாரும் பாக்கப் போறதில்ல.

ஒருத்தர் மட்டும் பாக்கற மாதிரி வச்சாரு. சீமோர் கிரே. 1976-ல லாஸ் அலமோஸுக்குப் போன க்ரே-1 மெஷின் மேல இருந்து பாத்தா ஆங்கில 'சி' எழுத்து மாதிரி இருக்கும். அடியில சுத்தி குஷன் போட்ட பெஞ்ச். அதுக்குள்ள பவர் சப்ளை. உலகத்துலயே விலை ஒசந்த சோபான்னு கிண்டல் பண்ணுவாங்க. அந்த வடிவத்துக்கும் காரணம் வேலைதான். ஒயர் நீளம் கூடினா சிக்னல் வர லேட்டாகும், அதனால ஒயர் எல்லாம் உள்பக்கம் ஓடற மாதிரி வளைச்சாங்க. 115 கிலோவாட் சூட்டை, ஃப்ரிட்ஜுல இருக்கற மாதிரி ஃப்ரியான் ஓடற குழாய்கள் வெளியேத்துச்சு.

அந்த ஒயர் அத்தனையும் கையால கட்டினது. மைல் கணக்குல ஒயர். விஸ்கான்சின் மாநிலத்துல சிப்பேவா ஃபால்ஸ்ங்கற சின்ன ஊர் பெண்கள் உக்காந்து ஒவ்வொண்ணா முடிச்சுப் போட்டாங்க. கிரே பேரு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண்கள் பேரு மெஷின் மேல எங்கயும் இல்ல.

1985-ல வந்த க்ரே-2 இன்னும் ஒரு படி மேல. சர்க்யூட் போர்டுகளை அப்படியே ஃப்ளூரினெர்ட்ங்கற திரவத்துல முக்கிட்டாங்க. மின்சாரத்தைக் கடத்தாத திரவம், அதனால ஷார்ட் ஆகாது. சூடான திரவம் பக்கத்துல இருந்த கண்ணாடித் தொட்டிகள்ல அருவி மாதிரி விழும், அங்க குளிர்ந்த தண்ணி அதோட சூட்டை வாங்கிக்கும். 'பபிள்ஸ்'னு செல்லப்பேரு. இன்னைக்கு மாட் பண்றவங்க வைக்கற கலர் தொட்டிக்கு தாத்தா இதுதான்னு நான் சொல்லுவேன்.

அப்புறம் 90கள்ல பெரிய மெஷின்கள் கூட கம்மி மின்சாரம் தின்னற சிமாஸ் சிப்புக்கு மாறிச்சு, தண்ணிக்கு வேலை போச்சு. 1993-ல வந்த மொத பென்டியம் சுமார் 15 வாட்தான், சின்ன ஃபேன் போதும். தண்ணி கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் நெனச்ச நேரத்துலதான் வீட்டுக்குள்ள ஆரம்பிச்சது.

காரணம் 1998 ஆகஸ்டுல வந்த செலரான் 300ஏ. விலை கம்மியான சிப். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 4.5-ஆல பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும். பெருக்கறதை மாத்த முடியாதபடி இன்டெல் பூட்டிடுச்சு. பஸ்ஸைப் பூட்டல. 100-க்கு ஏத்தினா 450 மெகாஹெர்ட்ஸ், ரொம்ப விலை ஒசந்த பென்டியம் 2-க்கு சமமா ஓடும். மதர்போர்டுல அந்த செட்டிங் இல்லையா? சிப் கார்டுல பி21-ங்கற ஒத்தைப் பின்னை ஒரு துண்டு டேப் ஒட்டி மறைச்சா போதும், போர்டு ஏமாந்துடும். நம்மூர் காயலாங்கடை மூளை ஊர் ஊருக்கு இருக்கு பாருங்க!

வேகம் ஏறினா சூடும் ஏறும். கம்பெனிகளும் சும்மா இல்ல. 2001-ல ஏஎம்டி ஏத்லான் 1.4 கிகாஹெர்ட்ஸ் 72 வாட். 2004-ல வந்த பென்டியம் 4 பிரெஸ்காட் 100 வாட்டைத் தாண்டிச்சு. ஃபேன் சத்தம் வாக்குவம் க்ளீனர் மாதிரி ஆச்சு. கடையில தண்ணி கூலிங் சாமான் பெருசா இல்லாத காலம். என்ன பண்ணினாங்க?

ரேடியேட்டருக்கு கார் பழைய சாமான் கடை. 1977 மாடல் பான்டியாக் பான்வில் காரோட ஹீட்டர் கோர் மாடர்கள் நடுவுல ரொம்பப் பிரபலம். சூடு தாங்கும், விலை கம்மி. பம்புக்கு மீன் தொட்டிக் கடை. ஐஹைம்னு ஒரு ஜெர்மன் கம்பெனி பம்ப். அது வீட்டுக் கரண்ட்ல ஓடற ஐட்டம், அதனால கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போதே பம்பும் ஓட ஒரு ரிலே. பிராசசர் மேல வைக்கற பிளாக்குக்கு செம்புக் கட்டியைத் துளை போட்டு உள்ள வாய்க்கால் வெட்டினாங்க. எல்லாம் மாட்டினதும் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்காம பம்பை மட்டும் ஒரு நாள் பூரா ஓடவிட்டு, அடியில டிஷ்யூ பேப்பர் விரிச்சு ஈரம் படுதான்னு பாப்பாங்க. நம்ம ஆபீஸ்ல டெஸ்டிங் இவ்ளோ சிரத்தையா நடந்தா எவ்ளோ நல்லாருக்கும்னு ஒரு செகண்ட் நெனச்சுக்கிட்டேன் :-)

இப்பதான் அழகு உள்ள வருது, எப்படின்னு பாருங்க.

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணில இருந்தா பேட்டரி மாதிரி ஆகி அலுமினியம் அரிச்சுப் போகும். அதைத் தடுக்க கார் கூலன்ட் கலந்தாங்க. கூலன்ட்ல ஒழுகற இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பச்சைச் சாயம் போட்டிருப்பாங்க, புற ஊதா வெளிச்சத்துல பளபளன்னு மின்னும். அரிப்புக்கு ஊத்தினது, உள்ள ஒரு யூவி விளக்கு வச்சதும் பச்சை நெருப்பு மாதிரி ஓடிச்சு.

பொட்டியோட ஃபேன் துளைல தகட்டையே சல்லடை மாதிரி குத்தி வச்சிருப்பாங்க. அது காத்தைத் தடுக்கும். வெட்டி எறிஞ்சாங்க. வெட்டினதுக்கு அப்புறம் அங்க மண்டை ஓடு, டிராகன், கதிர்வீச்சுக் குறின்னு சொந்த டிசைன்ல தகடு அறுத்து வச்சாங்க. பக்கவாட்டு ஜன்னல் வழியா ஒழுகலையும் பாக்கலாம், ஓவியத்தையும் பாக்கலாம். அந்த அக்ரிலிக்ல கோடு கீறி, ஓரத்துல எல்ஈடி வச்சா, உள்ளயே எதிரொலிச்சு ஓடற வெளிச்சம் கீறல் விழுந்த இடத்துல மட்டும் வெளிய கசியும். படம் அந்தரத்துல மிதக்கும். அப்புறம் ஏர்பிரஷ், மரவேலை, பித்தளை. 2007-ல டேட்டாமேன்சர்ங்கற பேர்ல வேலை பண்ணினவரோட லேப்டாப்பை மரத்துலயும் பித்தளையிலயும் செஞ்சிருந்தாரு. பழைய கடிகாரச் சாவியைத் திருப்பினா ஆன் ஆகும். அதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்ல, ஆனா அதே கைங்க பண்ற வேலை. சேசிஸ் ஃபேக்டரில இருந்து ஒரே மாதிரி வந்தாலும் ஒவ்வொரு லாரிக்கும் தனித்தனியா பெயின்ட் அடிக்கறோம்ல, அந்த மனசு.

வியாபாரம் சும்மா இருக்குமா? 2004-ல ஆப்பிளே பவர் மேக் ஜி5-ல திரவ கூலிங் வச்சுச்சு. 2009-ல கோர்சேர் எச்50: டென்மார்க் அசெடெக் செஞ்ச, சீல் பண்ணின செட். நாலு ஸ்க்ரூ முடுக்கினா வேலை முடிஞ்சது. தண்ணி ஊத்த வேணாம், டிஷ்யூ விரிக்க வேணாம். அப்புறம் கண்ணாடிக் கதவு, வானவில் விளக்கு எல்லாம் பொட்டியோட சேர்ந்தே வர ஆரம்பிச்சது. ஜன்னல் வெட்டத் தெரியாதவனுக்கும் ஜன்னல் கிடைச்சது, நல்ல விஷயம்தான். ஆனா பத்து பொட்டியை வரிசையா வச்சா எது யாரோடதுன்னு தெரியாது. அரிப்பு, ஒழுகல், சத்தம்னு தேவையோட மல்லுக்கட்டிப் பொறந்த அழகு, பிராண்ட் பேரோட விலைக்கு வந்த அலங்காரமா ஆயிடுச்சு.

கூலிங்கைக் காசு கொடுத்து வாங்கிடலாம்னு ஆனதுக்கு அப்புறம் கைக்கு மிச்சம் இருக்கறது கலை மட்டும்தான். அதனாலதான் இன்னமும் சிலபேர் அக்ரிலிக் குழாய்க்குள்ள சிலிக்கோன் கயிறு விட்டு, ஹீட் கன்ல காட்டி, 90 டிகிரிக்கு வளைச்சுக்கிட்டு இருக்காங்க. ரெடிமேட் செட்டை விட ரெண்டு டிகிரி குளிர்ச்சி அதிகம் கிடைக்குமா இருக்கும். அந்த ரெண்டு டிகிரிக்காக யாரும் நாலு வாரம் உக்காரமாட்டான்.

இன்னொரு பக்கம் தண்ணி மறுபடியும் பெரிய ரூமுக்கே போயிடுச்சு. 2024-ல என்விடியா அறிவிச்ச என்விஎல்72 செயற்கை நுண்ணறிவு ரேக் ஒண்ணு சுமார் 120 கிலோவாட், திரவக் கூலிங் இல்லாம ஓடாது. க்ரே-1 எவ்ளோன்னு மேல சொன்னேன்ல? 115. கிட்டத்தட்ட அதே சூடு, கணக்கு போடற வேகம் மட்டும் எங்கயோ போயிடுச்சு. இதுல உக்கார பெஞ்ச் கிடையாது.

இத்தனை வருஷத்துல வந்த பொட்டிகள்ல கை வச்சவன் பேரு நிலைச்சது கொஞ்சமே கொஞ்சம். சிப்பேவா ஃபால்ஸ் பெண்களுக்குத் தங்க வேலைல ஒரு கையெழுத்து போட எடம் கிடைக்கல. ஜன்னல் வெட்டி டிராகன் வரைஞ்சவன் அந்த எடத்தை அவனே வெட்டி எடுத்துக்கிட்டான். எனக்கு இந்த வரலாறுல ரொம்பப் புடிச்ச விஷயம் அதுதான்.

உங்க பக்கம் யாராவது இப்படிப் பொட்டி செஞ்சிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. குழாய் எந்தக் கடைல வாங்கினாங்கன்னும் சேத்து சொன்னா புண்ணியமாப் போகும்.