ஒரு பொறிக்குள் பல பொறிகள்

பழைய கணினி ஒன்றை வீட்டில் வைத்து, அதனுள் மெய்நிகர்ப் பொறி ஒன்றை உருவாக்கி, அங்கே தம் இணையத்தள வழங்கியை இயக்கும் வழக்கம் ஆர்வலரிடையே காணப்படுகின்றது. வழங்கி என்பது, கேட்போர்க்கு இணையப் பக்கங்களை அனுப்பித் தரும் நிரல். மெய்நிகர்ப் பொறியோ, உண்மைக் கணினியின் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பங்கைப் பெற்று, தனிக் கணினி போலவே இயங்கும் அமைப்பாகும். வெவ்வேறு தேவைகளால் பிறந்த இவ்விரண்டும் ஒரு கூரையின்கீழ் வந்து சேர்ந்த கதை நெடியது.

இவற்றுள் மூத்தது மெய்நிகர்ப் பொறியே. 1960களில் கணினி என்பது அறையை அடைத்து நிற்கும் பெரும்பொருள். ஆளுக்கொன்று வாங்க இயலாது. ஆயினும் ஒவ்வோர் ஆய்வாளரும் தமக்கெனத் தனிக் கணினியையே விரும்பினர். இம்முரண்பாட்டிற்கு அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஐ.பி.எம். அறிவியல் மையம் விடை கண்டது. ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ ஆகியோரின் குழு ஆக்கிய சி.பி.-40 என்னும் அமைப்பு 1967 ஜனவரியில் பயன்பாட்டிற்கு வந்தது. ஒரே கணினி 14 கணினிகள் வரை தோற்றம் காட்டிற்று! நிறுவனத் தலைமை தன் நம்பிக்கையை டி.எஸ்.எஸ். என்னும் வேறோர் அமைப்பின்மீதே வைத்திருந்தது. அது காலத்தில் கைகொடுக்கவில்லை. சிறு குழுவின் படைப்போ, பயன்படுத்துவோரின் ஆதரவால் நிலைத்து, 1972இல் வி.எம்./370 என்னும் பெயரில் முறையாக வெளியிடப்பட்டது.

1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் ஆகிய இருவரும் இக்கலைக்கு இலக்கணம் வகுத்தனர். மெய்நிகர்ப் பொறியில் ஓடும் நிரல் உண்மைப் பொறியில் ஓடுவது போன்றே ஓடவேண்டும். வேகம் பெரிதும் குன்றலாகாது. வளங்கள் அனைத்தும் மேற்பார்வை நிரலின் ஆட்சிக்குள் அடங்கியிருத்தல் வேண்டும். பின்னர் வீடுகளில் புகுந்த இன்டெல் வகைச் செயலிகள் இவ்விலக்கணத்திற்கு அடங்கவில்லை. அவற்றின் சில கட்டளைகள் மேற்பார்வை நிரலின் கண்ணில் படாமலேயே வேறுவிதமாக நடந்துகொள்ளும். ஆகவே இக்கலை பெருங்கணினிகளோடு ஒதுங்கி நின்றது.

வழங்கி பிறந்த இடம் வேறு. 1990 இறுதியில் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ, உலகின் முதல் இணையத்தள வழங்கியைத் தம் நெக்ஸ்ட் கணினியிலேயே இயக்கினார். இதனை யாரும் நிறுத்தவேண்டா எனச் சிவப்பு மையால் எழுதிய சீட்டு ஒன்றும் அதன்மீது ஒட்டப்பட்டிருந்தது. அவர் நிரல் எழுதிய மேசையும் உலகுக்குத் திறந்த வாயிலும் ஒன்றாகவே இருந்தன. அன்று வந்தவர் சக அறிவியலாளர்; கேடில்லை. பத்தாண்டு கழிவதற்குள் வாயிலில் நிற்பவர் யாரென்றே தெரியாத நிலை உண்டாயிற்று.

அந்நிலையில்தான் பழங்கலை மீண்டது. 1999இல் வி.எம்.வேர் நிறுவனம், அடங்காத கட்டளைகளை ஓடும்போதே மாற்றியெழுதும் உத்தியால், மேசைக் கணினியில் மெய்நிகர்ப் பொறியை இயக்கிக் காட்டிற்று. 2005இல் இன்டெலும் 2006இல் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே இதற்கு வழிசெய்தன. 2007இல் கே.வி.எம். என்னும் மேற்பார்வை அமைப்பு லினக்சின் கருநிரலில் இடம்பெற்றபின், இவ்வசதி காசின்றியே எவர்க்கும் கிட்டிற்று.

கணினியைப் பகிர்ந்துகொள்ளப் பிறந்தது, இப்போது பிரித்துக் காக்கப் பயன்படுகின்றது. வழங்கிக்குள் அயலான் புகுந்தாலும், அதே கணினியில் உள்ள குடும்பப் படங்களும் கணக்குகளும் எளிதில் அவன் கைக்கு எட்டா. முன்பே பதிந்து வைத்த நிலைக்கு அப்பொறியைத் திருப்பிவிடவும் கூடும். ஆயினும் இச்சுவரைக் கருங்கற்சுவராகக் கருதிவிடலாகாது. கே.வி.எம்.மோடு சேர்ந்து இயங்கும் கியூ.ஈ.எம்.யூ. என்னும் நிரலில், மெய்நிகர்ப் பொறியிலிருந்து வெளியேற இடந்தரும் பிழையொன்று 2015 மே மாதம் வெளிப்பட்டது. எவரும் தொடாது கைவிட்ட நெகிழ்வட்டுக் கருவியைப் போலச் செய்யும் பகுதியில் அது 2004 முதல் ஒளிந்திருந்தது. ‘நஞ்சு’ எனப் பொருள்படும் ‘வெனம்’ என்பதே அதற்கு இடப்பட்ட பெயர்.

சுவரை உடைக்காமலே செல்லும் வழியும் உண்டு. மெய்நிகர்ப் பொறியை வீட்டு வலையமைப்போடு நேரே இணைத்துவிட்டால், புகுந்தவன் அவ்வலை வழியாகவே அடுத்த அறைக் கணினியின் கதவைத் தட்டலாம். இதனாலேயே அனுபவமுடையோர் வழங்கிக்கெனத் தனி வலைப்பகுதி ஒதுக்கி, வீட்டின் இணைய இணைப்பைப் பங்கிடும் திசைவியில் 80, 443 என்னும் எண்ணுடைய வாயில்களை மட்டும் அதற்குத் திறந்து வைக்கின்றனர்.