ஷீல்டுக்குப் பிறகு

1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றதைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. அதே அணி கல்கத்தா லீக்கை முதன்முதலாக வென்றது 1939இல். நடுவே கிடக்கும் 28 வருஷங்களைப் பற்றிப் பேசுவதில் யாருக்கும் பெரிய உற்சாகம் இல்லை. வெற்றிகளை வரிசைப்படுத்தும் சரித்திரத்துக்கு அவை வெற்றிடம். ஒரு அணியிடம் மனிதன் ஏன் விசுவாசமாக இருக்கிறான் என்ற கேள்விக்கோ, அந்த வெற்றிடத்தில்தான் பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. சில வருஷங்களுக்கு முன் எல்.டி.சி.யில் குடும்பத்தோடு கல்கத்தா போயிருந்தேன். காளி கோயிலும் விக்டோரியா மண்டபமும் முடிந்த பிறகு ஒரு மாலை தனியாக மைதானத்தில் நடந்தேன். கோட்டைக்கும் சௌரங்கிக்கும் நடுவே விரிந்து கிடக்கும் அந்த வெளி ராணுவத்துக்குச் சொந்தமானது. அணிகளின் அலுவலகங்களுக்கு இன்றும் கூடாரம் என்றே பெயர். மோகன் பகான் கூடாரத்துக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய இந்தியும் எப்படியோ சமாளித்துக்கொண்டன. மறக்க முடியாத ஆட்டம் எது என்று கேட்டேன். வர்ணிக்க ஆரம்பித்தார்: முதல் கோல் வெள்ளையர் போட்டது, பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியாததால் பட்டம் பறக்கவிட்டு கோல் கணக்கைத் தெரிவித்தது, கடைசி நிமிஷங்களில் அபிலாஷ் கோஷ் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அவர் சொல்லிக்கொண்டிருப்பது 1911. அவருடைய தகப்பனாரே அப்போது பிறந்திருப்பாரோ என்னவோ. 1975 ஷீல்டு இறுதியாட்டத்தைப் பற்றிக் கேட்டேன். மைதானத்தில் நின்று பார்த்திருக்கக்கூடிய வயதுதான் அவருக்கு அப்போது. அன்றைக்குப் போகவில்லை என்றார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். பார்க்காததைப் பார்த்தவராகவும் பார்த்ததைப் பார்க்காதவராகவும் பேசிய அந்த மனிதரைப் பொய்யர் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பி.ஏ. வகுப்பில் மெக்காலேயை அவருடைய வாக்கிய அமைப்புக்காகப் படித்தோம். வாரன் ஹேஸ்டிங்ஸ் கட்டுரையில் வங்காளியின் உடல் பலவீனத்தைப் பற்றி அவர் இழிவாக எழுதியிருக்கும் இடத்தை ஆசிரியர் வேகமாகத் தாண்டிப் போனார். படித்த வங்காளிகளால் அப்படித் தாண்டிப் போக முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்கள் தேகப் பயிற்சியிலும் ஆட்டத்திலும் காட்டிய சிரத்தைக்கு அந்த அவமானம் ஒரு காரணம். 1889 ஆகஸ்ட் 15 அன்று வடக்குக் கல்கத்தாவில் மோகன் பகான் தொடங்கப்பட்டது இந்தச் சூழ்நிலையில்தான். 1892இல் சோவாபஜார் அணி டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டைத் தோற்கடித்தது. அதே கோப்பையை 1906, 1907, 1908 என்று மூன்று வருஷம் தொடர்ந்து மோகன் பகான் வாங்கியது. 1905இல் கர்சன் வங்காளத்தைத் துண்டாடியிருந்தார். சுதேசிக் கொந்தளிப்பின் நடுவில் ஒவ்வொரு கோலுக்கும் பந்தாட்டத்தைத் தாண்டிய ஓர் அர்த்தம் சேர்ந்துகொண்டிருந்தது.

ஷீல்டு 1893இல் தொடங்கியது. ரெஜிமெண்டுகளும் வெள்ளையர் அணிகளுமே அதுவரை அதை வென்று வந்தன. 1911இல் மோகன் பகான் செயின்ட் சேவியர்ஸ், ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேட், மிடில்செக்ஸ் ரெஜிமெண்ட் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, இறுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2–1 என்று வென்றது. தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் முடித்துவைத்தார். பதினொருவரில் சுதிர் சாட்டர்ஜி ஒருவர் காலில்தான் பூட்ஸ். மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். ஜனங்களைக் கொண்டுவர விசேஷ ரயில்கள் விட்டார்கள். கல்கத்தாவின் முஸ்லிம்களும் அன்று கொண்டாடினார்கள். பிற்பாடு நடந்தவற்றை வைத்துப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம்.

வங்கியில் எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். நாளாக நாளாகத் தணிக்கைக்காரர் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார். 1911 வெற்றியும் அப்படி ஒரு தொகைதான். ஆட்டத்தின் கணக்கில் அது ஒரு கோப்பை. ஆனால் அந்தத் தலைப்பில் அதை எழுதிக்கொள்ள யாருக்கும் மனமில்லை. அதே வருஷம் டிசம்பரில் டில்லி தர்பாரில் வங்காளப் பிரிவினை ரத்தாயிற்று. கூடவே தலைநகரமும் டில்லிக்குப் போயிற்று. ஷீல்டுக்கும் இதற்கும் காரண காரியத் தொடர்பு கிடையாது. ஆயினும் எல்லாம் ஒரே நினைவாகக் கலந்துவிட்டன. ஓர் ஐதீகம்கூட உண்டு. ஷீல்டோடு திரும்பிக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களிடம் ஒருவர் கோட்டையின் மேல் பறந்த யூனியன் ஜாக்கைக் காட்டி, இது போயிற்று, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். நாங்கள் அடுத்த முறை ஷீல்டை ஜெயிக்கும்போது என்று பதில் வந்ததாம். மோகன் பகான் இரண்டாவது முறை ஷீல்டை வென்றது 1947இல். கதை பிற்பாடு செய்யப்பட்டதாக இருக்கலாம். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விதான். ஜெயித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் ‘அடுத்தது எப்போது?’

இலக்கியத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். நல்ல முதல் தொகுப்பு ஒன்றைக் கொடுத்துவிட்ட கவிஞனிடம் நாம் பிறகு கேட்பது அவனுடைய அடுத்த கவிதையை அல்ல. அந்தத் தொகுப்பை மறுபடியும் கேட்கிறோம். அவன் அதைத் தர முடியாதபோது ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறோம்.

1911க்குப் பிறகு மைதானத்துக்கு வந்தவர்களும் வந்தது 1911ஐ மறுபடி பார்க்கத்தான். கிடைத்ததோ வேறு. 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக்கின் கதவு 1914இல்தான், அதுவும் இரண்டாம் பிரிவில், இரண்டே இந்திய அணிகளுக்குத் திறந்தது. 1915இல் மோகன் பகான் முதல் பிரிவுக்கு வந்தது. அதன் பிறகு பல முறை இரண்டாம் இடம். முதலிடம் மட்டும் வரவில்லை. 1923இல் ஷீல்டின் இறுதியாட்டத்துக்கு மறுபடி வந்து, மழையில் ஊறிய மைதானத்தில், பூட்ஸ் அணிந்த கல்கத்தா எஃப்.சி.யிடம் வெறுங்காலோடு ஆடி 0–3 என்று தோற்றது.

வெறுங்கால் விஷயம் யோசிக்கத் தக்கது. முதலில் அது வெறும் பழக்கம். 1911 அதை ஓர் அடையாளமாக்கியது. அடையாளமானபின் அதை விடுவது கஷ்டம். பருவமழையில் நடக்கும் போட்டிகளில் வெறுங்கால் வழுக்கும் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் ஜெயித்த விதமே ஜெயித்ததற்குக் காரணம் என்ற பிரமை வெற்றியின் கூடவே வருகிறது. எதிர்பார்ப்பு ஒரு அணியை முன்னுக்குத் தள்ளும் என்பார்கள். பல சமயம் அது அணியை நின்ற இடத்திலேயே கட்டிப்போடுகிறது.

இந்த வறண்ட காலத்தின் நாயகர் கோஷ்டோ பால். 1911க்குப் பிறகு வந்து, 1939க்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட தடுப்பாட்டக்காரர். அணிக்காக அவர் ஆடிய காலம் முழுவதிலும் லீக்கும் இல்லை, ஷீல்டும் இல்லை. சீனப் பெருஞ்சுவர் என்று அவரைச் சொன்னார்கள். 1962இல் பத்மஸ்ரீ பெற்றார். பந்தாட்டக்காரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஈடன் தோட்டத்துக்கு அருகே அவருக்குச் சிலை இருக்கிறது. ஜனங்கள் வெற்றிக்கு மட்டுமே விசுவாசமாக இருப்பவர்கள் என்றால் இந்தச் சிலைக்கு விளக்கம் கிடையாது. தோற்கக்கூடிய அணியின் முன்னால் வருஷக் கணக்காக நின்று தடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அவர்கள் தங்களையே கண்டிருக்க வேண்டும்.

விசுவாசத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. 1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் முதல் பிரிவுக்கு வந்தது. வந்த வருஷமே லீக்கை வென்றது. லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுதான். 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து வென்றது. 1936இல் ஷீல்டையும் சேர்த்து வாங்கியது. பெங்களூர் போன்ற வெளியூர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஈரத் தரையில் பூட்ஸ் அணிந்தார்கள். இந்தியர்கள் வெள்ளையரை வெல்ல வேண்டும் என்பதுதான் 1911 தந்த கனவு என்றால், அது அந்த ஐந்து வருஷங்களில் நிறைவேறிவிட்டது. மோகன் பகான்காரர்கள் அதைத் தங்கள் கனவாக எடுத்துக்கொள்ளவில்லை. 1911இல் சேர்ந்து கொண்டாடியவர்கள் இப்போது மதவாரியாக அணிகளின் பின்னால் பிரிந்து நின்றார்கள். 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் ஏற்கனவே பூர்வீக ஊரின் பெயரால் கூட்டத்தைப் பிரித்திருந்தது. தேசத்தின் பெயரால் திரட்டிய விசுவாசம் கடைசியில் ஜாதி, ஊர், மதம் என்று சில்லறையாகிப் போனதையும் அந்த 28 வருஷங்கள்தான் காட்டுகின்றன. மோகன் பகானின் 1939 பட்டமே ஒரு விபரீதம். அந்த வருஷம் முகமதனும் ஈஸ்ட் பெங்காலும் சங்கத்தோடு பிணங்கி நடுவிலேயே விலகிவிட்டன. 28 வருஷம் காத்திருந்து கிடைத்தது, முக்கியமான எதிரிகள் இல்லாத மைதானம்.

அதற்குப் பிறகு வெற்றிகள் தாராளமாக வந்தன. 1962 முதல் 1965 வரை மட்டும் தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள். எதிர்பார்ப்பின் குணம் இங்கே மாறுகிறது. ஜெயிக்கலாம் என்று இருந்தது ஜெயிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. 1970இலிருந்து 1975 வரை ஆறு வருஷம் ஈஸ்ட் பெங்கால் லீக்கைத் தொடர்ந்து வாங்கியது. 28 வருஷம் பொறுத்திருந்தவர்களின் பேரன்களுக்கு ஆறு வருஷம் தாங்கவில்லை. 1975 செப்டம்பர் 30 அன்று ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என்று வென்றது. மோகன் பகான் ஆட்டக்காரர்கள் சிலர் தங்கள் ரசிகர்களுக்குப் பயந்து அன்றிரவைக் கங்கையில் ஒரு படகில் கழித்தார்கள். ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த பிறவியில் நல்ல மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்திருந்தார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் இந்த இரண்டு அணிகளும் ஆடியபோது மூண்ட கலவரத்தில் 16 பேர் செத்தார்கள். இவற்றை விசுவாசத்தின் உச்சம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசுவாசம் இருந்த இடத்தில் கடன் வசூல் வந்து உட்கார்ந்துகொண்டதன் விளைவு இது. அணி தனக்கு வெற்றியைத் தரக் கடமைப்பட்டது என்று ரசிகன் நினைத்த கணத்திலேயே அவன் ரசிகன் என்ற நிலையிலிருந்து இறங்கிவிடுகிறான்.

இதற்கு எதிரான ஒரு சாட்சியம் சமீப காலத்தில் கிடைத்தது. 2020இல் மோகன் பகானின் பந்தாட்டப் பிரிவு ஏ.டி.கே. என்ற பணபலமுள்ள, பட்டங்கள் வென்ற அணியோடு இணைக்கப்பட்டது. பெயர் ஏ.டி.கே. மோகன் பகான் ஆயிற்று. பணமும் ஆட்களும் வந்தன. வெற்றி வருவதும் நிச்சயம்போலவே இருந்தது. ரசிகர்களில் பெரும் பகுதியினர் கேட்டது வேறு: அந்த மூன்று எழுத்துக்களை எடுங்கள். 2023 மார்ச் 18 அன்று அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது, அன்றிரவே ஏ.டி.கே. நீக்கப்படும் என்று உரிமையாளர் அறிவித்தார். அந்த இடத்தில் ‘சூப்பர் ஜயண்ட்’ என்று வேறொரு ஒட்டு பின்னால் வந்து சேர்ந்தது என்பது வியாபார உலகின் நியாயம். ஆனாலும் தங்கள் பெயரில் வராத வெற்றி தங்களுடையதல்ல என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள். 2024–25 பருவத்தில் ஐ.எஸ்.எல். ஷீல்டு, கோப்பை இரண்டும் மோகன் பகானுக்கே வந்தன. எதிர்பார்ப்பு இனி இன்னும் ஏறும். அவர்களுக்கு உண்மையான சோதனை இனிமேல்தான் என்று நினைக்கிறேன்.

கூடாரத்துக்கு வெளியே பார்த்த முதியவரிடம் திரும்புகிறேன். 1911ஐ அவர் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்களிடமிருந்து, கோஷ்டோ பாலின் காலத்துத் தோல்விகளுக்குக் குறுக்கே, யாரோ அதை அவரிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்த யாரோ தோற்கும் ஆட்டங்களுக்கு வருஷா வருஷம் போய்வந்திருக்க வேண்டும். 1975ஐ அவர் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. அது சரியா என்று தெரியவில்லை. அந்தப் படகையும் அந்த இளைஞனையும் அவர் எழுதிக்கொண்டிருந்தால் அவருடைய விசுவாசம் இன்னும் முழுமையாக இருந்திருக்கும் என்று திரும்பி வரும் ரயிலில் நினைத்தேன். தேநீருக்கு நான் காசு கொடுக்கப் போனபோது அவர் விடவில்லை. நீங்கள் விருந்தாளி என்றார். அடுத்த முறை ஆட்டம் இருக்கும் நாளில் வரச் சொன்னார்; ஜெயிக்கும் நாளில் என்று சொல்லவில்லை.